இஸ்தான்புல் தெருநாய்களும் ஒரு கோப்பும்

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், பாரிசில் இருக்கும் மகள் அவ்வப்போது பிரெஞ்சுப் படம் ஏதாவது அனுப்பி வைப்பாள். அப்படி வந்தது செர்ஜ் அவெதிக்கியான் எடுத்த குறும்படம். 2010இல் கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை விருது பெற்றது. 1910இல் இஸ்தான்புல் தெருநாய்களுக்கு நேர்ந்த கதிதான் படம். பார்த்த அன்று தூக்கம் வரவில்லை.

அந்த ஊரில் அந்தக் காலத்தில் நாயை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஆனால் அது தெருவுக்குச் சொந்தம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அடுத்த தெரு நாய் கால் வைத்தால் தொலைந்தது. குப்பையைத் தின்று தீர்த்ததும், இரவில் அந்நியர் வந்தால் குரைத்துக் காட்டிக்கொடுத்ததும் இவைதான். நாய்களுக்கு ரொட்டி போடச் சொல்லிப் பணம் எழுதிவைத்துச் செத்தவர்களும் உண்டு. நாம் காக்கைக்குச் சோறு வைப்பதில்லையா, அது மாதிரி.

1908 புரட்சிக்குப் பின் வந்தவர்களுக்கு நகரம் ஐரோப்பா போல இருக்கவேண்டும் என்று ஆசை. அங்கே பணியாற்றிய ரெம்லிஞ்சே என்ற பிரெஞ்சு மருத்துவர், நாய்களைக் கொன்று தோலையும் கொழுப்பையும் விற்றால் லாபம் என்று கணக்கே போட்டுக் காட்டினார். கடைசியில், பல்லாயிரம் நாய்களைப் பிடித்து, மர்மரா கடலில் உள்ள சிவ்ரியாதா என்ற பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே சோறும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஊளை நகரத்துக்கே கேட்டதாம். 1912இல் பூகம்பம் வந்தபோது, நாய்களின் சாபம் என்றார்கள் மக்கள்.

2004இல் துருக்கி ஒரு சட்டம் போட்டது: பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். 2024இல் அதை மாற்றி, காப்பகத்தில் அடைக்கச் சொல்லிவிட்டார்கள். நாய்க்கடியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாரிடம் போய் அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் எழுத்தராக இருந்தபோது, தெருநாய் பற்றிய கோப்பு ஒன்று என் மேசைக்கும் வந்தது. 'அப்புறப்படுத்தலாம்' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். எங்கே என்று நான் எழுதவில்லை. கையெழுத்துப் போட்ட அதிகாரியும் கேட்கவில்லை. அடுத்த வாரம், அலுவலக வாசலில் என் டிபன் டப்பாவுக்காகக் காத்திருக்கும் செவலை நாயைக் காணோம்.