தெள்ளுப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியும் பம்பாய் மாகாணப் பிளேக் தடுப்பு நடவடிக்கைகளும் (1896–1914)

முன்னுரை

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. வீடுகளைச் சோதனையிடுதல், நோயுற்றோரைப் பிரித்து வைத்தல், பயணிகளைத் தடுத்தல் ஆகியன அதன் துணையுடன் நடந்தேறின. இவற்றைக் காலனிய அதிகாரத்தின் வெளிப்பாடாக வரலாற்றாய்வாளர்கள் விளக்கியுள்ளனர். அவ்விளக்கத்துடன் நோய்க்கடத்தியான தெள்ளுப்பூச்சியைப் பற்றிய அறியாமையையும் இணைத்து நோக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தெள்ளின் வாழிடம்

எலித்தெள்ளு முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்னும் நான்கு நிலைகளைக் கொண்டது. அதன் முட்டைகள் எலியின் உடலில் ஒட்டாமல் வளையிலும் தரைத்தூசியிலும் உதிர்கின்றன. புழுக்கள் இருளில் ஒதுங்கி, முதிர்பூச்சிகளின் உலர்ந்த குருதிக் கழிவை உண்டு வளர்கின்றன. தூசி படிந்த கூட்டினுள் காத்திருக்கும் பூச்சி, வெப்பத்தையும் அதிர்வையும் உணர்ந்து வெளிப்படுகிறது. எலி இறந்து உடல் குளிர்ந்ததும் முதிர்பூச்சி வேறு உயிரை நாடுகிறது. அருகிலிருக்கும் மனிதரையும் கடிக்கிறது.

இலக்குத் தவறிய நடவடிக்கைகள்

பம்பாயின் சாக்கடைகளில் கடல்நீரும் கார்பாலிக் அமிலமும் பாய்ச்சப்பட்டன. தெள்ளு வளர்ந்த இடமோ எலிவளை. நெறிக்கட்டிப் பிளேக் மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரடியாகப் பரவுவது அரிது. எனவே, மக்களைப் பெரிதும் புண்படுத்திய கட்டாயப் பிரிப்பால் கிடைத்த பயன் சிறிதே. புணேயில் இந்நடவடிக்கைகளுக்குத் தலைமை வகித்த ராண்ட், 1897 ஜூன் 22 அன்று சுடப்பட்டார். குடியிருப்புகளை விட்டு மக்கள் வெளியேறியது மட்டும், காரணம் அறியப்படாத நிலையிலும், தெள்ளிடமிருந்து அவர்களை விலக்கிக் காத்தது.

அறிவு ஏற்கப்பட்ட வரலாறு

1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன், நோயுற்ற எலியிடமிருந்து கம்பிவலையால் பிரிக்கப்பட்ட நலமான எலிக்கும் தெள்ளின் வழியே நோய் பரவுவதைக் காட்டினார். அதே ஆண்டு அமைக்கப்பட்ட இந்தியப் பிளேக் ஆணையம் இக்கருத்தை ஏற்கவில்லை. 1905இல் தொடங்கிய புதிய ஆய்வுக்குழு, தெள்ளு புகாத கூண்டிலிருந்த விலங்குகள் நோயிலிருந்து தப்புவதைக் கண்டு இதனை உறுதிசெய்தது. தெள்ளின் இரைப்பை முகப்பில் கிருமிகள் பெருகி அடைத்துக்கொள்வதாலேயே கடியின்போது நோய் கடத்தப்படுகிறது என்பதை 1914இல் பேக்கட்டும் மார்ட்டினும் விளக்கினர்.

முடிவுரை

எலியை மட்டும் கொன்றால் தெள்ளு மனிதரை நாடும். முதிர்பூச்சியை மட்டும் கொன்றால் கூட்டிலிருந்து அடுத்த தலைமுறை எழும். வளையிலுள்ள தெள்ளை முதலில் அழித்து, அதன்பின் எலியை ஒழித்தல் என்னும் பிற்கால நெறி இவ்வறிவின் விளைவாகும். சிமோனின் சோதனைக்கும் அதன் ஏற்புக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஐயத்திற்குரியவராக நடத்தப்பட்டவர் மனிதரே என்பது இவ்வாய்வால் பெறப்படும் முடிவாகும்.