முதல் பக்கம்

எங்கள் வீட்டில் புத்தகம் வைக்கத் தனி இடம் கிடையாது. அரிசிப் பானைக்கு மேலே தொங்கும் உறியில்தான் என் பாடப்புத்தகங்கள் இருக்கும். மழை வந்து கூரை ஒழுகினால் அம்மா முதலில் நகர்த்துவது அதைத்தான். செங்கற்பட்டுப் பக்கத்துச் சேரியில் 1990-களில் நான் படித்த கதை இது.

தை பிறந்தால் அப்பா செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கிவிடுவார். குடும்பமே கிளம்பும். நான்காம் வகுப்பில் பாதி வருஷம் கல் அறுக்கும் களத்தில்தான் படித்தேன். சேறு பட்டுப் பட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் சிவந்துபோனது. அதைப் பார்த்துத் தாத்தா சொல்வார்: "உனக்காவது பொஸ்தகம் கீது. நாங்க மணல்லதான் எழுதனோம்."

தாத்தா படித்தது லேபர் ஸ்கூலில். ஊர்ப் பள்ளிகள் எங்கள் பிள்ளைகளைச் சேர்க்காத காலம். 1920-களில் பிரிட்டிஷ் அரசின் தொழிலாளர் துறை சேரிகளில் தனிப் பள்ளிகள் திறந்தது. அவைதான் பின்னால் அரிஜன நலப் பள்ளிகளாகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. ஐந்தாவது வரை நான் படித்ததும் அப்படியொரு பள்ளியில்தான். ஆறாவதுக்கு ஊர்ப் பள்ளிக்குப் போனேன்.

1999-ல் எங்களுக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. ஊர்ப் பள்ளிச் சத்துணவு மையத்தில் அம்மாவுக்குச் சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. அந்த வருஷம் அப்பா சூளையில் அட்வான்ஸ் வாங்கவில்லை. எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது. மூன்றாவது வாரம் ஊர்ப் பிள்ளைகள் யாரும் தட்டெடுத்து வரவில்லை. வடித்த சோறு மாட்டுக்குப் போனது. மாதம் முடிவதற்குள், தற்காலிக வேலைதான் என்று சொல்லி அம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

அன்று ராத்திரி நான் தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பக்கத்தைக் காட்டி, "இன்னாடி எழுதிக்கீது?" என்றாள் அம்மா. எழுத்துத் தெரியாதவள். தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மை இல்லாத செயல் என்று மூன்று வரியில் போட்டிருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"இத நம்மகிட்ட எதுக்குச் சொல்றாங்க? அவங்க பொஸ்தகத்துல போடச் சொல்லு."

"அவங்க பொஸ்தகத்துலயும் இதுதாம்மா கீது."

அம்மா அப்புறம் பேசவில்லை. அடுத்த தையில் மறுபடியும் சூளைக்குப் போனோம். பள்ளிக்குப் போகும் நாட்களில் மணி அடிக்கும்வரை வெளியே புளியமரத்தடியில் நின்றுவிட்டுத்தான் வகுப்புக்குள் போவேன்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது இரட்டைமலை சீனிவாசன் 1939-ல் வெளியிட்ட ஜீவிய சரித்திரச் சுருக்கம் கையில் கிடைத்தது. கோயம்புத்தூரில் படித்தபோது, பழகினால் சாதி தெரிந்துவிடும் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து வாசித்துவிட்டு மணி அடித்த பிறகே உள்ளே போனதாக எழுதியிருக்கிறார். படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அவருக்கும் எனக்கும் நடுவே நூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இருக்கிறது. 1955-ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இருக்கிறது. மணிக்காக வெளியே காத்திருப்பது மட்டும் மாறவில்லை.

அவர் 1893-ல் பறையன் பத்திரிகை தொடங்கியவர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ஒரு பைசாத் தமிழன் நடத்தினார். பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா 1920-ல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். நான் படித்த பாடப்புத்தகங்களில் இவர்களை நான் பார்த்ததில்லை. முதல் பக்கத்தில் நாங்கள் இருந்தோம், அடுத்தவன் செய்த பாவமாக. உள்ளே எழுதியவர்களாக, பத்திரிகை நடத்தியவர்களாக, கேள்வி கேட்டவர்களாக இல்லை. 2019-ல் வந்த பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் இந்தப் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. சண்டை போட்டு வாங்கிய இடம் அது. சந்தோஷம்தான்.

ஆனால் பெயரைச் சேர்த்தால் மட்டும் வரலாறு முடிந்துவிடாது. அந்தப் புத்தகம் எங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதும் வரலாறுதான். மணலில் எழுதிய தாத்தா, ஓரம் சிவந்த புத்தகம், மாட்டுக்குப் போன சோறு, இவற்றை எந்தப் பாடத்திட்டக் குழு எழுதும்? நாம்தான் எழுத வேண்டும்.

இப்போது எங்கள் சேரியில் மாலைப் பள்ளி நடத்துகிறோம். புதுசாய் வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் ஒரு வேலைதான் கொடுப்பேன்: உங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனது யார், எதனால் நின்றார்கள், கேட்டு எழுதி வாருங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதச் சொல்கிறேன்.