முதலில் வாங்கியவருக்கு ஒரு கடிதம்

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த மெசேஜ் வந்தது. என் காரின் ஸ்டீயரிங்கில் உள்ள ஒரு பாகத்தை இலவசமாகச் சோதித்து, தேவையென்றால் மாற்றித் தருவார்களாம், பக்கத்து டீலரிடம் போகவேண்டுமாம். கீழே எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு இலக்கத்தில் சேஸிஸ் நம்பர். என் வண்டி நம்பர்தான். ஆனால் அந்த வண்டியை நான் விற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். இந்தக் கதையில் அவர்களைவிட நான் செய்ததுதான் மோசம். படித்தேன், 'இப்ப நம்ம வண்டி இல்லையே' என்று நினைத்தேன், போனைப் பையில் போட்டேன். அவ்வளவுதான்.

வாங்கியவர் மணப்பாறைக்காரர். புரோக்கர் மூலம் வந்தவர். அட்வான்ஸ் கொடுக்க வந்த அன்று மகளையும் கூட்டிவந்திருந்தார். அந்தக் குழந்தை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தம்பி, வண்டியில ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றார். "ஒண்ணும் இல்லண்ணே, நம்பி எடுங்க" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

மூன்று வாரம் கழித்து, வேறொரு வேலைக்காக அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு. வண்டியில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்தால், தயாரிப்பாளர் அதை 'முதலில் வாங்கியவருக்கு' பதிவுத் தபாலில் தெரிவிக்கவேண்டும். அந்த இரண்டு சொற்களில் தடுக்கி நின்றேன். முதலில் வாங்கியவர் நான்தான்.

*

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த கதை. ஜெனரல் மோட்டார்ஸ் 1959 இறுதியில் செவர்லே கார்வேர் என்ற காரைக் கொண்டுவந்தது. எஞ்சின் பின்னால் இருக்கும். பின்சக்கரங்களின் அச்சு அமைப்பு காரணமாக, வேகமாக வளைக்கும்போது சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டி கட்டுப்பாட்டை இழக்கலாம் என்று குற்றச்சாட்டு எழுந்தது. முன்டயரில் குறைவாகவும் பின்டயரில் அதிகமாகவும் காற்று வைத்தால் சரியாகிவிடும் என்பது கம்பெனியின் ஏற்பாடு. அதாவது, வண்டி நேராகப் போகுமா என்பது பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும் பையனின் கையில் இருந்தது.

ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் 1965இல் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியது. அதுவரை விபத்து என்றால் ஓட்டியவன் தப்பு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் 'நட்டு'தான் லூஸ் என்று அங்கே ஒரு கிண்டல் உண்டு. நம்மூரில் 'நட்டு கழண்ட கேஸ்' என்போமே, அதேதான். ஓட்டுபவனைவிட்டு வண்டியின் பக்கம் விரலைத் திருப்பியதுதான் நேடர் செய்த பெரிய காரியம். கம்பெனி அவர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. விஷயம் வெளியே வந்து, 1966 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுவின் முன்னால் மன்னிப்புக் கேட்கவேண்டியதாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். (1972இல் வந்த அரசு ஆய்வு ஒன்று, அந்தக் காலத்து மற்ற கார்களைவிடக் கார்வேர் மோசமில்லை என்று சொன்னது. அதையும் சொல்லிவிடவேண்டும்.)

சட்டம் கம்பெனியைக் கடிதம் போடவைத்தது. ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. குறையைச் சொல்லவேண்டும், இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொன்று அந்த முகவரி. முதலில் வாங்கியவர், அல்லது வாரண்டி யார் பெயருக்கு மாறியதோ அவர். வாரண்டி முடிந்தபிறகு கைமாறிய வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்பது கடிதத்துக்குத் தெரியாது.

1974இல் செய்த திருத்தம் இரண்டையும் அடைத்தது. சரிசெய்யும் செலவு கம்பெனியுடையது என்றானது. மாநிலப் பதிவேட்டில் இன்றைக்கு யார் பெயரில் வண்டி இருக்கிறதோ அவருக்கும் தகவல் போகவேண்டும் என்றானது. கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் காரை வாங்கியவனை விட்டுவிட்டு, காரில் உட்கார்ந்திருப்பவனைச் சட்டம் தேட ஆரம்பித்தது அப்போதுதான்.

*

ஸ்டீயரிங் என்று வரும்போது எனக்குக் கார்வேரைவிட முக்கியமாகப் படுவது, அதிகம் பேசப்படாத ஒரு கெடிலாக் வழக்கு.

1959, 1960 மாடல் கெடிலாக் கார்களை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். மீன் துடுப்புபோல வால் தூக்கிய, படகு நீளக் கார்கள். அவற்றின் ஸ்டீயரிங்கில் 'பிட்மேன் ஆர்ம்' என்று ஒரு கை உண்டு. நம் லாரி மெக்கானிக்குகள் 'டிராப் ஆர்ம்' என்பார்கள். ஸ்டீயரிங் கியர்பாக்ஸின் திருப்பலைச் சக்கரங்களுக்குப் போகும் கம்பிகளுக்குக் கடத்துவது அதுதான். அது உடைந்தால் நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பலாம், சக்கரம் திரும்பாது. அந்த இரண்டு மாடல்களில் அது உடைந்துகொண்டிருந்தது.

வழக்கு நடந்தது 1970களில். அதற்குள் அந்த ஆடம்பரக் கார்கள் பத்து வயதைத் தாண்டியிருந்தன. பந்தாவாக வாங்கியவர்கள் எப்போதோ வேறு காருக்குப் போயிருப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது கைகளில் அவை ஓடிக்கொண்டிருந்தன.

பாகம் உடைகிறது என்பதைக் கம்பெனியால் மறுக்க முடியவில்லை. முன்பின் மாடல்களைவிட இந்த மாடல்களுக்கு அந்த உதிரிபாகம் பல மடங்கு விற்றிருந்தது. வாதம் வேறு மாதிரி வந்தது. உடையும், ஆனால் பெரும்பாலும் பார்க்கிங்கில், மெதுவாக, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் உடையும். அதனால் அது பாதுகாப்புப் பிரச்சினை இல்லை.

பொறியியலாகப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. நிற்கிற வண்டியில் சக்கரத்தைத் திருப்பும்போதுதான் அந்தக் கைக்கு அதிகப் பளு. அப்போது உடைந்தால் பக்கத்துச் சுவரில் இடிக்கும், அவ்வளவுதான் என்பது கணக்கு. 1977இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஓட்டும்போது ஸ்டீயரிங் கையைவிட்டுப் போவது ஆபத்து என்று சொல்லப் பொது அறிவு போதும் என்றது. எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று எண்ணிக் காட்டிய பிறகுதான் நடவடிக்கை என்றால் சட்டமே எதற்கு, அடிபடுவதற்கு முன்னால் தடுக்கத்தானே அது என்ற பொருளில் தீர்ப்பு எழுதியது.

இதைப் படித்தபோது எனக்குள் ஓடியது அந்தக் கம்பெனியின் வாதம்தான். 'பெரிசா ஒண்ணும் இருக்காது. சோதிச்சுப் பாக்கத்தானே சொல்லியிருக்காங்க.' மூன்று வாரமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

*

தெரிந்தும் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு மொழி வேண்டியிருக்கிறது. 2014இல் அதன் அகராதியே வெளியே வந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச் குறைக்காகக் கார்களைத் திரும்ப அழைக்க ஆரம்பித்தது. கடைசியில் அது 26 லட்சம் வண்டிகள் ஆனது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ ஓடும்போதே சாவி திரும்பிவிடும். எஞ்சின் அணையும், பவர் ஸ்டீயரிங் போகும், மோதினால் ஏர்பேக் விரியாது. கம்பெனியே அமைத்த இழப்பீட்டு நிதி, இதனால் நேர்ந்தவை என்று 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. நடுவில் சுவிட்சை யாரோ திருத்தியிருந்தார்கள், ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பழையதும் புதியதும் ஒன்றே. இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பத்துக்காக வாதாடிய தரப்பின் பொறியாளர், இரண்டு சுவிட்சுகளைப் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் பிடிபட்டது.

மார்ச் 31 அன்று, அமெரிக்காவில் மட்டும் சுமார் 13 லட்சம் கார்களை அதே கம்பெனி பவர் ஸ்டீயரிங்குக்காகத் திரும்ப அழைத்தது. அவற்றில் சிலவற்றுக்கு ஏற்கெனவே வாரண்டியை மட்டும் நீட்டிக் கொடுத்திருந்தார்கள். வாரண்டியை நீட்டுவது சலுகை மாதிரி இருக்கும், எச்சரிக்கை மாதிரி இருக்காது.

மே மாதம் அரசுடன் ஏற்பட்ட ஒப்பந்த ஆவணத்தில் 2008ஆம் ஆண்டுப் பயிற்சி வகுப்பு ஒன்று இடம்பெற்றது. குறிப்பு எழுதும்போது பயன்படுத்தக்கூடாத சொற்களின் பட்டியலை ஊழியர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 69 சொற்கள். 'மரணப் பொறி', 'உருளும் சவப்பெட்டி', 'டைட்டானிக்' போன்றவை கூடாது, சரி. 'குறைபாடு' என்றும் எழுதக்கூடாது. 'வடிவமைத்தபடி செயல்படவில்லை' என்று எழுதவேண்டும். 'பிரச்சினை'யை 'விஷயம்' என்று எழுதவேண்டும்.

எனக்கு வந்த மெசேஜை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் குறை என்ற சொல் இல்லை. ஆபத்து என்ற சொல் இல்லை. 'இலவசம்' இருந்தது. தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே அது தொலைந்துபோனதில் ஆச்சரியம் இல்லை.

*

இந்தியாவில் இதற்கெல்லாம் வெகுகாலம் சட்டமே இல்லை. என் மாமாவின் பழைய காரில் ஸ்டீயரிங் கால்வட்டம் சும்மா சுற்றும். "அதுக்குன்னு ஒரு கைப்பக்குவம் இருக்குடா" என்பார் பெருமையாக. குறையைத் தயாரித்தவனிடம் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

2012இல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம், தாமாக முன்வந்து திரும்ப அழைப்பதற்கான நெறிமுறையைக் கொண்டுவந்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவுதான் அரசுக்கு முதன்முதலாக அதிகாரம் கொடுத்தது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகள், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். புகார்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. அதிகம் விற்கும் கார்களுக்கு அது ஆயிரத்துக்கும் மேல்.

கம்பெனிகள் தாமாகத் திரும்ப அழைப்பதும் நடக்கிறது. 2023 ஜூலையில் மாருதி சுசூகி, ஸ்டீயரிங் டை ராடில் குறை இருக்கலாம் என்று எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599ஐ அழைத்தது. ஆம்புலன்ஸாகவும் சரக்கு வண்டியாகவும் ஈகோ ஓடுவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

புகார் வரம்பைப் படித்தபோது ஒன்று தோன்றியது. புகார் கொடுக்கவேண்டுமென்றால், அது குறை என்று முதலில் ஓட்டுபவருக்குத் தெரியவேண்டும்.

*

புரோக்கரிடம் நம்பர் வாங்கி மணப்பாறைக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, திருச்சியிலருந்து பேசுறேன். உங்களுக்கு வண்டி குடுத்தேன்ல."

கொஞ்சம் தயங்கினார். "சொல்லுங்க தம்பி. ஏதும் ஃபைன் வந்திருக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே பேசினார். "அட, ரெண்டு மாசமா அப்பப்ப ஸ்டீயரிங் கெட்டியாயிடுது தம்பி. நம்ம மெக்கானிக் பேட்டரி வீக்குன்னாரு. மாத்திப்புட்டேன். மறுபடியும் வருது. நான் ஓட்டுறதுலதான் ஏதோ தப்புன்னு நெனச்சேன்." பிறகு கேட்டார், "மெசேஜு எப்ப வந்துச்சு?"

"நேத்துதான்ணே" என்றேன்.

"நல்ல மனசு தம்பி உங்களுக்கு. வேற யாராவதா இருந்தா வித்தாச்சுன்னு விட்டுருவாங்க."

டீலரிடம் காட்ட மெசேஜை அனுப்பச் சொன்னார். ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். மேலே தேதி தெளிவாகத் தெரிந்தது. அதை அனுப்பாமல், வாசகத்தை மட்டும் காப்பி செய்து வாட்ஸப்பில் போட்டேன். எண்ணை மாற்றாமல் சுவிட்சை மாற்றியவரை அரைமணி நேரம் முன்புதான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

பார்ட் வரப் பதினோரு நாள் ஆனது. வேலை முடிந்த அன்று சர்வீஸ் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். தொகைக்கு நேரே பூஜ்யம். கீழே கைகூப்பும் படம் ஒன்று. அதைப் பார்த்தபிறகு இருக்க முடியவில்லை. கூப்பிட்டு, மெசேஜ் வந்த உண்மையான தேதியைச் சொன்னேன்.

"விடுங்க தம்பி, அதான் சரியாயிருச்சுல்ல" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. லாரி ஒன்று அவரைக் கடந்துபோகும் சத்தம் கேட்டது.

"அந்த மூணு வாரமும் பாப்பாவ அதுலதான் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டேன்" என்றார்.