தாமதமாக வந்த கைக்கணிப்பொறி

உங்கள் கையிலுள்ள கைபேசியைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். திரையிலுள்ள படமும் உடன் திரும்புகிறதல்லவா? சாய்வை உணர்ந்து சொல்வது, உள்ளே இருக்கும் முடுக்கமானி என்னும் சிறு உறுப்பு. இவ்வுறுப்பைக் கொண்ட கைக்கணிப்பொறி ஒன்று, ஐபோன் வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே பெங்களூரில் விற்பனைக்கு வந்தது என்றால் வியப்படைவீர்கள். அதன் பெயர் சிம்ப்யூட்டர். ஆம்பூரில் இரயிலேறினால் சில மணி நேரத்தில் சென்றடையும் ஊரில் பிறந்த கருவி, ஏன் ஆம்பூருக்கு வந்து சேரவில்லை? இதனை இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணம் பிறந்த கதை

1998-ஆம் ஆண்டு பெங்களூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் இந்த எண்ணம் உருவாயிற்று. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நால்வரும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டேயும் அவருடைய தோழர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் அறக்கட்டளையைத் தொடங்கினர். எளிமை, மலிவு, பன்மொழி ஆகிய மூன்றும் அவர்களுடைய குறிக்கோள்கள். விலை ஏறத்தாழ 9,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும் என்பது திட்டம்.

ஒரு கிராமத்தார்க்கு 9,000 ரூபாயும் பெருந்தொகையே. அதற்கும் அவர்கள் வழி கண்டிருந்தனர். கருவி ஊருக்குப் பொது. ஆளுக்கொரு ஸ்மார்ட் அட்டை மட்டும் சொந்தம். அட்டையைச் செருகினால் அவரவர் கணக்கு திரையில் தோன்றும். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குக் கருவியே இந்திய மொழியில் வாய்விட்டுப் படித்துச் சொல்லும்.

இதன் அருமையை நான் வீட்டிலேயே உணர்ந்திருக்கிறேன். என் அம்மா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலணியின் அப்பரைக் கையால் தைப்பவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை ஜோடி தைத்தார் என்பது ஏஜெண்டின் நோட்டில் மட்டுமே இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாரக் கடைசியில் அவர் விரல் விட்டு எண்ணிய கணக்கும் நோட்டுக் கணக்கும் ஒத்துப்போகாதபோது, வென்றது நோட்டுதான். கணக்கைத் தமிழில் உரக்கச் சொல்லும் ஒரு கருவி தெருவுக்கு ஒன்று இருந்திருந்தால்?

முன்மாதிரியும் சந்தையும்

2001 ஏப்ரலில் முன்மாதிரி வெளியிடப்பட்டது. நொடிக்கு 20 கோடிக்கு மேற்பட்ட துடிப்புகளில் இயங்கும் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட திரை, லினக்ஸ் இயங்குதளம். அவ்வாண்டின் குறிப்பிடத்தக்க புத்தாக்கங்களுள் ஒன்றாக நியூயார்க் டைம்ஸ் அதனைப் பாராட்டியது. ஆனால் அமிடா என்ற பெயரில் பிகோபெட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இணைந்து அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 2004 மார்ச்சில்தான். ஏன் இத்தனை தாமதம்?

கருவி ஒன்றைச் செய்து காட்டுவது வேறு. ஒரே தரத்தில் ஆயிரம் ஆயிரமாகச் செய்வது வேறு. இது தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்கு தெரியும். ஒரு மாதிரிக் காலணியை நல்ல கைவினைஞர் இரண்டே நாளில் தைத்துவிடுவார். பத்தாயிரம் ஜோடிக்கு வெட்டச்சு, பதனிட்ட தோல், நூல், அட்டை யாவும் ஒரே சீராகக் கிடைத்தாக வேண்டும். மின்னணுக் கருவியிலும் அப்படியே. சில்லும் திரையும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. மென்பொருளில் பிழையிருந்தால் இரவோடிரவாகத் திருத்தலாம். மின்சுற்றுப் பலகையில் பிழையிருந்தால் புதிய பலகை செய்து, உறுப்புகளைப் பற்றவைத்து, மீண்டும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் பணம். நிறையச் செய்தால்தான் விலை குறையும். விலை குறைந்தால்தான் நிறைய விற்கும். இந்தச் சுழலை உடைக்கப் பெருமுதல் வேண்டும். அது போதிய அளவில் கிடைக்கவில்லை. முடிவில் மிகக் குறைந்த விலை மாதிரி 9,950 ரூபாய்க்கும், வண்ணத் திரை மாதிரி அதன் இருமடங்கு விலைக்கும் வந்தன. இதற்கிடையில், 2003-இலேயே 501 ரூபாய் முன்பணத்திற்குக் கைபேசி கொடுக்கத் தொடங்கிவிட்டனர். விற்பனையான சிம்ப்யூட்டர்கள் சில ஆயிரங்களே.

அலை எட்டுமா?

மற்றொரு குறை தொடர்பு. வெளியுலகோடு பேசச் சிம்ப்யூட்டர் தொலைபேசிக் கம்பியையோ வேறொரு கைபேசியையோ நாட வேண்டியிருந்தது. அலைவாங்கியையும் உள்ளேயே வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது எளிதன்று.

கைபேசிக் கோபுரத்திலிருந்து கருவியை வந்தடையும் ஆற்றல் பல இடங்களில் ஒரு வாட்டின் இலட்சம் கோடியில் ஒரு பங்கே. கணிப்பொறிச் சில்லின் துடிப்புகளோ அருகிலேயே மின்காந்த இரைச்சலை எழுப்புகின்றன. சந்தையின் நடுவே ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற வேலை இது. எனவே வானொலிப் பகுதியை உலோகத் தகட்டால் மூடிக் காக்க வேண்டும்.

அடுத்தது அலைக்கம்பியின் நீளம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது 8 செ.மீ. அளவுக் கம்பி நன்கு ஏற்கும். உள்ளங்கைக் கருவியில் அதனை மடித்து வைத்தாலும், பிடிக்கும் கை அதனை மூடுகிறது. நம் கை நீரும் உப்பும் நிறைந்தது. அலையை உறிஞ்சும், கம்பியின் ஒத்ததிர்வையும் மாற்றும். 2010-இல் ஐபோன் 4 இதே குறைக்காகப் பெரும் கண்டனத்திற்கு உள்ளானது.

நம் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னொரு தடையும் உண்டு. ஏலகிரியும் சவ்வாது மலையும் அலைகளை மறைத்து நிழல் விழச் செய்கின்றன.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கைபேசியை உலர்ந்த தோல் உறையில் இட்டு அழையுங்கள், தடையின்றி ஒலிக்கும். உலர்ந்த தோல் மின்கடத்தி அன்று. பிறகு மூடிய எவர்சில்வர் டப்பாவில் வைத்து அழையுங்கள். அலை வெகுவாகக் குறையும். மூடியின் இடுக்கு வழியே நுழைந்த சிறிதளவால் சில வேளை ஒலித்தாலும் ஒலிக்கலாம்.

நமக்குரிய பாடம்

சிம்ப்யூட்டரின் எண்ணத்தில் குறையில்லை. தாய்மொழியில் பேசும் கருவி இன்று எல்லோர் கையிலும் உள்ளது. அதில் பெரும்பகுதி பிறர் வகுத்த வடிவில் வந்திருக்கிறது. ஊருக்கு ஒன்றாகப் பகிர்ந்து கொள்ளும் கருவி என்ற எண்ணமோ மறைந்துவிட்டது.

என் அம்மா இப்போது தைத்த ஜோடிகளைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக் கொள்கிறார். நோட்டுக் கணக்கோடு ஒத்துப் பார்க்க அதுவே அவருடைய சான்று. அவர் கணக்கைக் கேட்டு, கூட்டி, தமிழில் திருப்பிச் சொல்லும் எளிய கருவியை இன்னும் யாரும் அவருக்கெனச் செய்யவில்லை. மின்சுற்றும் நிரலும் பயிலும் மாணவர்களே, அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.