இரவில் காணும் கண்

பெங்களூரின் கிருஷ்ணராஜேந்திரச் சந்தைக்கு அருகே பழைய கோட்டையின் தில்லி வாயில் இன்றும் நிற்கின்றது. 1791ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் ஆங்கிலேயர் மதிலைப் பிளந்து உட்புகுந்த இடத்தை அங்குள்ள கல்லொன்று காட்டுகின்றது. நாளைக் குறிப்பிடும் நாம் நேரத்தை மறந்துவிடுகிறோம். அப்பொழுது இரவு ஏறக்குறைய 11 மணி. முழுமதி கழிந்து ஓரிரு நாட்களே ஆகியிருந்தன.

காரன்வாலிஸ் பிரபுவின் பீரங்கிகள் முன்னமே மதிலில் பிளவு உண்டாக்கியிருந்தன. பகலில் அதனை நோக்கிச் செல்வோர் காவலரின் குறிக்கு இலக்காவர். காரிருளில் செல்வோர் இடிபாடுகளிடையே இடறி வீழ்வர். நிலவொளியோ கால்வைக்கும் இடத்தைக் காட்டிற்று. தொலைவில் வருவோரை முழுவதும் காட்டிக்கொடுக்கவில்லை. கோட்டைத் தலைவர் பகதூர்கான் போரிட்டு மாண்டார். திப்பு சுல்தானின் பெரும்படை அருகில் இருந்தும் கோட்டையைக் காக்க இயலவில்லை. அடுத்த ஆண்டு, பிப்ரவரி 6ஆம் நாள் இரவு, சீரங்கப்பட்டணத்திலும் காரன்வாலிஸ் நிலவொளியிலேயே தாக்கினார்.

நிலவில்லாத இரவில் என் செய்வது? இவ்வினாவிற்கு விடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1934இல் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹோல்ஸ்டும் அவர்தம் துணைவரும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரைக் காணத்தகும் உருவமாக மாற்றும் குழாயொன்றை அமைத்தனர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரும் அமெரிக்கரும் இத்தகைய கருவிகளைத் துப்பாக்கியில் பொருத்தினர். ஆயினும், அகச்சிவப்பு விளக்கொன்றையும் உடன் ஏந்த வேண்டியிருந்தது. பகைவனிடமும் அதுபோன்ற கருவி இருப்பின் அவ்விளக்கே காட்டிக்கொடுத்துவிடும்! 1960களில் வியட்நாம் போரின்போதுதான் விளக்கின்றி விண்மீன் ஒளியாலேயே காணும் கருவி பெருவழக்காயிற்று.

கோட்டை வீழ்ந்த அதே பெங்களூரில், ஜாலஹள்ளியில், 1954ஆம் ஆண்டு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவப்பெற்றது. இன்று இரவுநோக்குக் கருவிகளைச் செய்யும் நம் நாட்டு நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. கருவியினுள் புகும் சிற்றொளி முதலில் எலெக்ட்ரான்களாக மாறுகின்றது. எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட தகடு அவற்றைப் பல்லாயிரம் மடங்காகப் பெருக்குகின்றது. பின்னர் அவை ஒளிர்திரையில் மோதிப் பெரும்பாலும் பச்சை நிற உருவமாகத் தோன்றுகின்றன.

ஒற்றைக்கண் கருவியைக் கையாள்வோர் அறிய வேண்டுவன சில. இருளுக்கு நம் கண் நன்கு பழக அரைமணி நேரம் ஆகும்; கருவியை நோக்கும் கண் அப்பழக்கத்தைச் சிறிது இழக்கும். மற்றொரு கண் அதனைக் காத்துக்கொள்ளும் என்பதே ஒற்றைக்கண் கருவியின் நன்மை. ஆனால் அதில் தொலைவும் பள்ளமும் சரிவரத் தெரியா, பக்கங்களும் மறையும். ஆதலின் கருவியை விழியில் வைத்தவாறே விரைந்து நடத்தல் தீது. நின்று நோக்கி, பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும். பகலில் வில்லையை மூடியிட்டுக் காத்தலும் இன்றியமையாதது.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு, 'இருளில் காணும் கருவி' என்று எழுதும்போதெல்லாம் தயக்கம் உண்டாகும். முற்றிருள் நிறைந்த குகையில், தனி விளக்கின்றி, இக்கருவி எதனையும் காட்டாது. 1791இல் படையினர் நிலவிடம் கடன் கொண்டனர். இன்றைய எல்லைக் காவலன் விண்மீனிடம் கடன் கொள்கிறான். கடன் சிறிதாயிற்றேயன்றி, ஒளியே வேண்டாத கண்ணை இக்கருவி நமக்கு அளித்துவிடவில்லை.