ஹேண்டில்பார் வந்த வழி



"சார், பையனோட மவுண்டன் பைக்குக்கு ஹேண்டில்பார் மாத்தணும். கார்பன் வாங்கலாமா, அலுமினியமே போதுமா?" என்று பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். வாத்தியாரிடம் கேட்டால் கதையோடுதான் பதில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1897-ல் பர்மிங்காமில் ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ் என்பவர் ஒரு சைக்கிள் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வெளியே ஒரே பருமன். உள்ளே, பளு விழும் முனைகளில் தடிமன், நடுவில் மெல்லிசு. எடை குறையும், பலம் குறையாது. 1928-ல் அந்தக் கம்பெனி டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைக்குப் போனது. அதே நிறுவனம் 1946-ல் ஹெர்குலிஸை வாங்கியது. 1949-ல் முருகப்பா குடும்பத்தாரோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. நம் அப்பாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸ் அம்பத்தூரில் செய்ததுதான். அந்த ஹேண்டில் கனத்த எஃகு. இரண்டு பக்கமும் பால்கேன் தொங்கும். எடையைப் பற்றி யார் கேட்டார்கள்?

எஃகுக்கு எமன் துரு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். உத்திரமேரூர் ஏரிக்கரையில் வரும்போது ஹேண்டில், நடுத்தண்டு பிடிக்கும் இடத்தில் முறிந்து கையோடு வந்துவிட்டது. மேலே பளபளப்பு, உள்ளே முழுக்கத் துரு. பின்னால் உட்கார்ந்திருந்த ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு முன்பல் போயிற்று. அவனும் இதைப் படிப்பான். இன்றும் அவன் சிரித்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

மவுண்டன் பைக் 1970களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைச்சரிவில் பிறந்தது. இளைஞர்கள் பழைய சைக்கிளில் மோட்டார் சைக்கிள் மாதிரி அகல ஹேண்டில் பூட்டி இறங்கினார்கள். அலுமினியம் பிறகு வந்தது. ரெனால்ட்ஸ் யோசனையே இதிலும், தலைகீழாக: தண்டு பிடிக்கும் நடுவில் தடிமன், ஓரங்களில் மெல்லிசு. நடுப்பகுதியின் விட்டமும் 25.4 மில்லிமீட்டரிலிருந்து 31.8, 35 என்று வளர்ந்தது. விட்டம் கூடினால் மெல்லிய குழாயும் வளையாமல் நிற்கும்.

நான் சொன்னது அலுமினியம்தான். சுமார் 300 கிராம் இருக்கும். கார்பனில் நூறு கிராம் மிச்சம். ஆனால் போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். அளவு பார்த்து முறுக்கும் ஸ்பேனர் நம் பக்கத்துக் கடைகளில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

வாங்கும்முன் தண்டின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கழற்றி நடுப்பகுதியைப் பாருங்கள். விழுந்து வளைந்த அலுமினியத்தைத் தட்டி நிமிர்த்தி மட்டும் ஓட்டாதீர்கள்.

31.8 அலுமினியம் வாங்கிவிட்டதாக நேற்று படம் அனுப்பியிருக்கிறார்.