படிக்கட்டு எழுத்துகள் வளர்த்த பத்திரிகை

1984-இல் கலிஃபோர்னியாவில், ஹாலந்திலிருந்து குடியேறிய சிலர் 'எமிக்ரே' பத்திரிகையைத் தொடங்கினார்கள். அவர்களில் ரூடி வாண்டர்லான்ஸ் மட்டுமே கடைசிவரை அதை நடத்தினார். முதல் இதழில் தட்டச்சு செய்த வரிகளை ஜெராக்ஸில் பெரிதாக்கியும் சுருக்கியும் பக்கங்களில் ஒட்டியிருந்தார்கள்.

அதே ஆண்டுதான் மேக்கிண்டாஷ் கணினி விற்பனைக்கு வந்தது. அதன் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள்தான். வளைவு எதுவும் வளைவாகத் தெரியாது, படிக்கட்டாகத்தான் தெரியும். அது வடிவமைப்புக்கு உதவாது என்று தொழில் தெரிந்த பலர் ஒதுக்கினார்கள். வாண்டர்லான்ஸின் மனைவி ஸுஸானா லிச்கோ ஒதுக்கவில்லை. அந்தப் படிக்கட்டுகளையே அழகாகக் கொண்டு 'ஓக்லண்ட்' போன்ற எழுத்துருக்களை வரைந்தார். இருபதாம் நூற்றாண்டு அச்சுக்கலையின் மிகத் துணிச்சலான முடிவுகளில் இது ஒன்று.

இதழைப் பார்த்தவர்களுக்கு அந்த எழுத்துருக்கள் வேண்டியிருந்தன. அவற்றை விற்ற வருமானம்தான் பத்திரிகையைத் தாங்கியது. விளம்பரதாரர்களின் முகம் பார்க்க வேண்டிய நிலை வரவில்லை. சிறுபத்திரிகை நடத்தும் யாருக்கும் இது எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும்.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. நியூயார்க் சுரங்க ரயிலின் அறிவிப்புப் பலகைகளுக்கு ஒழுங்கு தந்த மாசிமோ விக்னெல்லி, எமிக்ரேயைக் குப்பை என்றே தள்ளினார். தெளிவே வடிவமைப்பின் முதல் கடமை என்று நம்பிய தலைமுறை அவருடையது. ஆனால் எமிக்ரே வெறும் கண்காட்சி அல்ல. வடிவமைப்பாளர்களின் நீண்ட நேர்காணல்களும் சூடான விவாதங்களும் அதில் வந்தன. 1995-இல் பெரிய அளவைக் கைவிட்டு, வாசிக்க வசதியான சிறிய அளவுக்கு மாறியது.

69-ஆம் இதழோடு 2005-இல் பத்திரிகை நின்றது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2011-இல் தன் சேகரிப்பில் சேர்த்த 23 எழுத்துருக்களில் ஐந்து எமிக்ரே வெளியிட்டவை. 'ஓக்லண்ட்' அவற்றில் ஒன்று.